கராச்சிக்கு ஏழு நாள்

இந்தக் கேஸைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமே இல்லை. மற்ற கேஸ்களில் நான் அடித்த ஜோக்குகளை எல்லாம், ரத்தினசாமி சார் திட்டத் திட்ட, பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இதில் அடித்த ஜோக் ஒன்று மட்டும் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எழுதினாலாவது இறங்குமா என்று பார்க்கிறேன்.

1934, மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. வேலூர் லாங் பஜாரில் வெல்ல மண்டிக்கு மேலே எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, மூன்று நாற்காலி. அதில் ஒரு நாற்காலிக்குக் கால் சரியில்லை, அது எனக்கு. ரத்தினசாமி சார் துப்பறிய வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ரயில் தபால் வண்டியில் கடிதம் பிரித்துப் போட்டவர். ஒரு கவரைக் கையில் வாங்கினால் அது எந்த வண்டியில் வந்தது, வழியில் எத்தனை நாள் தூங்கியது என்று சொல்லிவிடுவார். மனுஷர்களைப் படிக்கத்தான் அவருக்குக் கொஞ்சம் நேரமாகும். அதற்குத்தான் இந்தப் பச்சையப்பன் இருக்கிறானே என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

படியேறி வந்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். வெள்ளைச் சேலை, கையில் ஒரு தகரப் பெட்டி.

"ஐயா, எம் பேரு அன்னம்மாள். ஆம்பூர் மிஷன் ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். எங்கண்ணன் தானியேல் எங்க இருக்குதுன்னு கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

"காணாமப் போயி எத்தினி நாளாச்சும்மா?" என்றார் சார்.

"காணாமப் போவல. லண்டன்ல இருக்குது."

நான் சும்மா இருப்பேனா? "அப்போ கண்டுபிடிச்சாச்சு. அடுத்த ஆளைக் கூப்பிடலாமா சார்?"

அவள் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். கற்பூர வாசனை அடித்தது. உள்ளே பன்னிரண்டு கடிதங்கள்.

விஷயம் இதுதான். அவள் அப்பா தேவசகாயம், ஆம்பூரில் ஆபித் பாஷாவின் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. இரண்டு வருஷத்துக்கு முன் பாஷா, மேஸ்திரி மகன் தானியேலை லண்டனில் தோல் பதனிடும் படிப்புக்கு அனுப்பி வைத்தார். ஸ்டேஷனில் பேண்டு வாத்தியம், மாலை, ஊரே திரண்டு வழியனுப்பியது. அன்றிலிருந்து ஆகாயத் தபாலில் கடிதம் வருகிறது. ஒவ்வொன்றையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தோல் பதனிட வைத்திருக்கும் ஆவாரம்பட்டைக் குவியல்மேல் ஏறி நின்று மேஸ்திரி சத்தமாகப் படிப்பார், ஷாப் ஆட்கள் எல்லாரும் கேட்பார்கள்.

"நவம்பர்ல தோல் ஊற வெக்கற தொட்டியில வழுக்கி விழுந்து அப்பாவுக்குக் கால் ஒடிஞ்சு போச்சு. இப்ப கோல் ஊணித்தான் நடக்கறாரு. மேஸ்திரி வேலைய வேற ஆளுக்குக் குடுக்கலாம்னு பேசிக்கறாங்க. அவரு தலை நிமிந்து நடக்கறது இந்தக் கடுதாசிங்களாலதான் ஐயா. வர்ற ஞாயித்துக்கிழமை பகல் வண்டிக்கு அண்ணன் வந்து எறங்குதாம். போன வாரம் கடுதாசி வந்துது. பாஷா சாயபு பேண்டுக்குச் சொல்லிட்டாரு. விருந்துக்கும் சொல்லிட்டாரு."

"வந்தா நல்லதுதானே. இன்னாத்துக்கு பயம்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க ஸ்கூல் தொரசானி லண்டனுக்கு எழுதினா மூணு வாரத்துல பதில் வருது. எங்கண்ணன் பதில் அஞ்சு வாரம் ஆவுது. இந்தக் கடைசிக் கடுதாசி தவிர பதினோரு கடுதாசியும் அஞ்சு வாரம். நான் தேதி குறிச்சு வெச்சிருக்கேன். அப்பாகிட்ட கேக்க வாய் வரல. ஞாயித்துக்கிழமை ஊரே நிக்கும்போது வண்டியிலருந்து யாரும் எறங்கலன்னா, எங்கப்பா அப்பிடியே உசுர உட்டுடுவாரு ஐயா."

"மூணு வாரமே ஜாஸ்தி" என்றேன் நான். பென்சிலை எடுத்துக் கணக்கே போட்டுவிட்டேன். "லண்டன்லருந்து கராச்சி ஐயாயிரம் மைல். ஏரோப்ளேன் மணிக்கு நூறு மைல். அம்பது மணி நேரம். ரெண்டு நாள் சொச்சம். கராச்சியிலருந்து மெட்ராஸ் ஒரு நாள், ஆம்பூருக்கு ஒரு நாள். ஆகமொத்தம் நாலு நாள். மீதி நாளெல்லாம் உங்கண்ணன் குறட்டை உட்டிருக்காரு."

"ராத்திரியில ப்ளேன ஓட்டறது யாரு, உங்கப்பனா?" என்றார் சார். அலமாரியிலிருந்து தபால் அட்டவணையை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பொழுது சாஞ்சா எறங்கிடுவாங்க. ஓட்டறவன் சாப்பிடணும், தூங்கணும். கொஞ்ச தூரம் ரயிலு, கொஞ்ச தூரம் தண்ணி மேல எறங்கற ப்ளேனு. லண்டன்ல கெளம்பினது கராச்சி வந்து சேர ஏழு நாள். அதுவும் வாரத்துக்கு ஒண்ணுதான்."

பிறகு பதினோரு கவர்களையும் வரிசையாகப் பரப்பினார். எல்லாவற்றிலும் லண்டன் முத்திரை சுத்தமாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர் மேஜையைத் தட்டினார்.

"டேய் பச்சை, சோம்பேறி எப்படி லேட்டாவான்? ஒரு வாட்டி நாலு நாள், ஒரு வாட்டி ரெண்டு மாசம். பதினோரு வாட்டியும் அளந்து வெச்சாப்புல ரெண்டு வாரம் லேட்டாவறவன் சோம்பேறி இல்லடா. அந்த ரெண்டு வாரமும் கடுதாசி எங்கியோ பயணம் போவுது."

"எங்க?"

"லண்டன்லருந்து ஏழு நாள் போயி, ஏழு நாள் திரும்பற எடத்துக்கு. இவங்க எழுதற கடுதாசி லண்டன் போவுது. அங்க யாரோ அதை வேற கவர்ல போட்டுக் கராச்சிக்கு அனுப்பறாங்க. கராச்சியிலருந்து பதில் லண்டன் போவுது. அங்க முத்திரை வாங்கிக்கினு ஆம்பூருக்கு வருது." அவர் அன்னம்மாளைப் பார்த்தார். "அம்மா, உங்கண்ணன் லண்டன்ல இல்ல. கராச்சியில இருந்திருக்காரு."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். இரண்டு வருஷமாக அப்பா பட்டைக் குவியல்மேல் நின்று படித்ததெல்லாம் பொய் என்று ஒரு நொடியில் தெரிந்தால் என்ன செய்வாள்? எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. நான் பன்னிரண்டாவது கடிதத்தை எடுத்து முகர்ந்துகொண்டிருந்தேன்.

"சார், இதுக்குக் கவரே இல்ல."

"அப்பா பிரிச்சுட்டுத்தான் எடுத்தாந்தாரு. கவரை ஸ்டாம்புக்கோசரம் பாஷா வூட்டுப் பையனுக்குக் குடுத்துட்டேன்னாரு" என்றாள் அவள்.

"மத்ததுல கற்பூரம். இதுல சுத்தமா தோல் ஷாப் நாத்தம். லண்டனையே நாறடிச்சுட்டாரு போல." சொல்லிவிட்டு அத்தர் நனைத்த கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். ஆம்பூர்ப் பக்கத்து ஆட்கள் வந்தால் நான் வழக்கமாகச் செய்கிற கூத்து அது.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றாள் அவள்.

"அங்கியே பொறந்து வளந்தவங்களுக்குத் தெரியாதும்மா" என்றார் சார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சார் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்பில் பட்டைத் தண்ணீரின் பழுப்புக் கறை. அதன்மேல் எழுதிய எழுத்து மட்டும் மை பரவிக் கிடந்தது. "கறை முன்னாடி, எழுத்து பின்னாடி. ஈரக் காகிதத்துல எழுதியிருக்குது. இதை எழுதினது ஒரு தோல் ஷாப்புக்குள்ள."

அவர் அதை வாய்விட்டுப் படித்தார். நலம் விசாரித்து நான்கு வரி. பிறகு: 'சுண்ணாம்புத் தொட்டியில் ஒரு நாள் ஜாஸ்தி கிடந்தாலும் தோல் வீணாகிவிடும். கிடந்தது போதும். ஞாயிற்றுக்கிழமை பகல் வண்டிக்கு வருகிறேன்.'

அன்னம்மாளை ஊருக்கு அனுப்பிவிட்டு, கராச்சித் தபால் வண்டியில் வேலை பார்க்கும் பழைய தோஸ்த் ஒருவருக்கு சார் தந்தி அடித்தார். வெள்ளிக்கிழமை காலையிலேயே பதில் வந்தது. ஆம்பூர் தானியேல் என்பவர் விமான நிலையத்தில் தபால் மூட்டை ஏற்றுகிறவராக இருந்தார், டிசம்பர் கடைசியில் ஊருக்குப் போய்விட்டார்.

"அப்பன் கால் ஒடிஞ்ச சேதி கெடைச்சதும் கெளம்பியிருக்கான்" என்றார் சார். "கெளம்பினவன் வூடு போய்ச் சேரல. அவனுக்குத் தெரிஞ்ச வேலை தோல் வேலை. ஆம்பூர்லயோ வாணியம்பாடியிலயோ சேர்ந்தா மூஞ்சி தெரிஞ்சுடும். வேலை இருக்கணும், மூஞ்சி தெரியக்கூடாது. அப்போ எங்க போவான்?"

"மேல்விஷாரம்" என்றேன். அந்தக் கேஸில் நான் சொன்ன ஒரே சரியான வார்த்தை அது. வேலூருக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊரிலும் தோல் ஷாப்புகள்தான்.

பஸ் பிடித்துப் போய் மூன்று ஷாப்புகளில் விசாரித்தோம், பிரயோஜனமில்லை. நான்காவது ஷாப் குமாஸ்தா, "ஜனவரியில சேர்ந்தவன் ஒருத்தன் இருக்கான். அவன் இன்னியோட நின்னுக்கறானாம். சாயந்தரம் சோலாப்பூர் போறேன்றான்" என்றார். சார் அவரிடம் பேசிக்கொண்டிருக்க, நான் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தேன்.

சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் அளவு இறங்கி ஒருவன் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தான். கோவணமும் தலையில் ஒரு துண்டும். இடுப்புவரை வெள்ளை பூத்திருந்தது. இவன்தான் தானியேலாக இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. லண்டனுக்குக் கிளம்பினவன் என்றால் கால்சட்டையாவது போட்டிருப்பான் என்று என் புத்தி.

"ஏம்பா, இங்க தானியேல்னு ஆம்பூர் ஆளு யாராச்சும் இருக்கானா?"

"தெரியாது சார்." அவன் நிமிரவில்லை.

"நாளன்னிக்கு அவன் ஏரோப்ளேன்ல வர்றானாம்ப்பா. பேண்டு வாத்தியம்லாம் ரெடி. லண்டன்லருந்து ரெண்டு நாள் காத்துல பறந்து வர்றான். ரெண்டு நாள் இல்ல, ரெண்டு வருஷம் பறந்தாலும் உங்க நாத்தம் போவுமா? அவன் எறங்கினதும் ஏரோப்ளேனைத் தூக்கி இந்தத் தொட்டியில போட்டுக் கழுவணும்." நானே சிரித்தேன்.

அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தோல் நாற்றம் ஒரு சாக்குதான். யார் மேல் வைத்தும் சிரிக்கலாம் என்று சின்ன வயதிலிருந்து பழகின சிரிப்பு அது.

அவன் கை நின்றது.

"ஏழு நாள் சார்."

"இன்னா?"

"ரெண்டு நாள் இல்ல. லண்டன்லருந்து கராச்சிக்கு ஏழு நாள். ராத்திரியில பறக்க மாட்டாங்க. ஏழாவது நாள் வந்து நிக்கும்போது, மூட்டையத் தொட்டா ஜில்லுன்னு இருக்கும்." அவன் தோலை மறுபடி புரட்டினான். "நாத்தம் போவாதுன்றது நெசந்தான் சார்."

கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவும் கை வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. ஒரு மனுஷனை அவன் முகத்துக்கு நேரே அவமானப்படுத்திவிட்டு, அவன் யார் என்று அதன் பிறகு தெரிந்துகொண்டேன். யாராக இருந்தால் என்ன, சொல்லலாமா? சீ, என்ன பிழைப்பு!

சார் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "தானியேலு, மேல வாப்பா. உன் தங்கச்சி அனுப்பினாங்க" என்றார்.

அவன் கரையில் உட்கார்ந்தான். கிணற்றடியில் மூட்டை கட்டி வைத்திருந்தது. கேட்பதற்கு முன்பே அவனே சொன்னான்.

"பம்பாய்ல கப்பல் டாக்டரு கண்ணு இமைய மடிச்சுப் பாத்தாரு. கண்ணுல நோவு இருக்குது, ஏத்த முடியாதுன்னுட்டாரு. எங்கூர் ஸ்டேஷன்ல போட்ட மாலை அப்பவும் என் பொட்டிக்குள்ள இருந்துது சார். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு திரும்பிப் போறது? கராச்சியில மூட்டை ஏத்தற வேலை கெடைச்சுது. அங்க பழக்கமான தோஸ்த் ஒருத்தன் லண்டன்ல ஓட்டல் சமையலுக்குப் போயிட்டான். அவன்தான் வூட்டுக் கடுதாசிய வாங்கி எனக்கு அனுப்புவான், என் பதிலை வாங்கி ஆம்பூருக்குப் போடுவான். கூலியில பாதி ஸ்டாம்புக்கே போயிடும். அப்பா படிக்கறாருன்னு தங்கச்சி எழுதும். நிறுத்த முடியல."

"அப்பன் விழுந்த சேதி கேட்டு வந்தே. இங்கருந்து ஆம்பூர் நாப்பது சொச்சம் மைல். மூணு மாசமா போவலியே?" என்றார் சார்.

"ரெண்டு வாட்டி ஸ்டேஷன் வரைக்கும் போனேன் சார்."

"சரி, இப்பதான் வர்றேன்னு எழுதிட்டியே. அப்புறம் எதுக்கு சோலாப்பூர்?" சார் பன்னிரண்டாவது கடிதத்தை நீட்டினார்.

அவன் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினான். "என் எழுத்து மாதிரிதான் இருக்குது. ஆனா நான் எழுதல."

ரத்தினசாமி சார் திகைத்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"ஆம்பூர்லருந்து வர்ற பட்டை வண்டிக்காரங்க பேசிக்கினாங்க. ஞாயித்துக்கிழமை தானியேல் வர்றானாம்னு. எவனோ என்னைக் கண்டுபிடிச்சுட்டான், ஊர் நடுவுல நிக்க வெச்சுச் சிரிக்கப் போறான்னு நெனச்சேன். அதான் ஓடறேன்." சொல்லிக்கொண்டே படித்தவன் சுண்ணாம்புத் தொட்டி என்ற வரிக்கு வந்ததும் நின்றான். திரும்ப முதலிலிருந்து படித்தான்.

"சார், இது எங்கப்பா பேச்சு. தொட்டிங்கிட்ட நின்னுக்கினு தெனம் ஆளுங்களை அரட்டறது. ஒரு நாள் ஜாஸ்தி கெடந்தா வீணாப்போவும்டா, எடுங்கடான்னு. எனக்கு எழுத்து சொல்லிக்குடுத்ததே அவருதான்." அவன் தன் வெள்ளை பூத்த காலைப் பார்த்தான். "நான் சுண்ணாம்புத் தொட்டியில நிக்கறேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குது."

சார் மெள்ளச் சொன்னார்: "இந்தக் கடுதாசி ஆம்பூருக்கு எழுதினது இல்லப்பா. உனக்கு எழுதினது. அங்க சத்தமாப் படிச்சா, பட்டை வண்டியோட சேதி இங்க வந்துடும்னு அவருக்குத் தெரியும். போறதும் போவாததும் உன் இஷ்டம்."

தானியேல் கடிதத்தை மடித்துச் சாரிடம் கொடுத்தான். எழுந்து குளித்தான், வேட்டி கட்டிக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை வேணாம் சார். பேண்டு வாசிச்சா என்னால வண்டிய உட்டு எறங்க முடியாது. இப்பவே போலாம்."

வாலாஜா ரோடில் பகல் வண்டியைப் பிடித்தோம். நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். குடியாத்தம் தாண்டிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "தப்பாப் பேசிட்டேன்பா. மன்னிச்சுக்க."

"நீங்க இன்னா சார் புதுசா சொல்லிட்டீங்க" என்றான் அவன். கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆம்பூரில் இறங்கி, பாஷா ஷாப்பின் கேட்டுக்குள் நுழைந்தபோது வேலை முடிந்து ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். தொட்டி ஓரத்தில் கோலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவர் எழுந்திருக்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமைன்னுதானேடா எழுதினேன்" என்றார்.

"வண்டி முன்னாடியே வந்துட்டுதுப்பா."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தானியேல்தான் கேட்டான். "எப்பத்திலருந்துப்பா தெரியும்?"

"உன் மொதக் கடுதாசிக்கு முன்னாடியே கப்பல் ஆபீஸ் கடுதாசி வந்துட்டுது. உன்னை ஏத்தலன்னு. ஷாப் தபால நான்தானே வாங்கறேன். அடுப்புல போட்டுட்டேன்."

"ரெண்டு வருஷமா தெரிஞ்சுதான் படிச்சியா?"

"வெக்கமா இருந்துதுடா." அவர் மடியிலிருந்த கோலைக் கீழே தள்ளினார். "உனக்கோசரம்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்கோசரம்தான். ஊருக்கு எதிர்ல மேஸ்திரி மவன் லண்டன்ல படிக்கறான்னு பேரு எடுத்துட்டேன், உட முடியல. நீ மேல்விஷாரத்துல தொட்டியில நிக்கறேன்னு வண்டிக்காரன் வந்து சொன்னான். அன்னிக்கி ராவெல்லாம் தூக்கம் இல்ல. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ பம்பாய்லருந்தே வூட்டுக்கு வந்திருப்பே."

தானியேல் அவர் காலடியில் உட்கார்ந்தான். ஒடிந்த காலை மெள்ளத் தொட்டுப் பார்த்தான். பெரியவர் அவன் கையை இழுத்து வைத்துக்கொண்டார். சுண்ணாம்பு அரித்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. மேஸ்திரி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நட. பாஷா சாயபுகிட்ட போவலாம். பேண்டுக்காரன வேணாம்னு சொல்லணும்."

"நான் சொல்றேன்பா. நீ இரு."

"பொய் ரெண்டு பேரும்தானே சொன்னோம். ரெண்டு பேருமே போயி சொல்லுவோம்."

மகன் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார். நான் ஓடிப்போய் கீழே கிடந்த கோலை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். நான் யார், எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

பாஷா வீடு கேட்டிலிருந்து நூறு கஜம்கூட இருக்காது. வாசலில் விருந்துக்கு வந்து இறங்கிய பெரிய அண்டாக்கள் வரிசையாக இருந்தன. மேஸ்திரியின் காலோடு அந்த நூறு கஜத்தைக் கடக்க அவர்களுக்கு வெகுநேரம் ஆயிற்று. சாரும் நானும் கேட்டருகிலேயே நின்று, அவர்கள் அந்த வாசலை எட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.